நெஞ்சில் விளைந்த கேழ்வரகு

எங்கள் மலைப்பக்கத்தில் கேழ்வரகு நுழையாத இடம் கிடையாது. பிள்ளைக்குப் பேர் வைக்கும் நாளில் களியாக வரும். பெண் கேட்டுப் போகும்போது கூடையில் வரும். புளிக்க வைத்த கள்ளாக மாறிச் சண்டைக்கும் வரும். இத்தனை இடத்துக்கு வருகிற தானியம் குழந்தையின் நெஞ்சுக்குள் எப்படிப் போகும் என்று ஊரில் ஒருவருக்கும் சந்தேகம் வந்ததில்லை. கதிரடிக்கும் காலத்தில் தூசியோடு தூசியாக மூக்கு வழியே இறங்கி, நெஞ்சில் தங்கி, ஈரத்தில் ஊறி முளைவிடும் என்பார்கள். இருமலும் காய்ச்சலும் இழுப்பும் அதனால்தான். அந்த நோய்க்கு எங்கள் பாஷையில் பேரே கேழ்வரகு. இன்னார் பிள்ளைக்குக் கேழ்வரகு என்று யாராவது சொன்னால், கேட்டவர் அடுத்த கேள்வியாக, "அட்யேரிகிட்ட கொண்டு போனாங்களா?" என்றுதான் கேட்பார்.

அட்யேரி என்பது நெஞ்சிலிருந்து கேழ்வரகு எடுக்கிற கபோனேசாவின் செல்லப்பேர். எங்களில் எல்லாருக்கும் அப்படி ஒன்று உண்டு. சொந்தப் பேரைச் சொல்லி மொட்டையாகக் கூப்பிடுவது போலீஸ்காரனும் பள்ளிக்கூட வாத்தியாரும் செய்கிற வேலை. கபோனேசாவை அப்படிக் கூப்பிட யாருக்கும் துணிச்சல் இல்லை. அவள் கைராசி அப்படி.

குழந்தையை மடியில் மல்லாத்திப் போடுவாள். பச்சிலையும் வெண்ணெயும் சேர்த்து அரைத்த விழுதை நெஞ்சில் வைத்துத் தேய்ப்பாள். பிளேடால் எறும்பு கடித்தது போல இரண்டு கீறல். அப்புறம் கட்டைவிரல் நகத்தால் அழுத்தி இழுத்தால், வாழையிலைத் துண்டில் செக்கச் செவேலென்று ஒரு மணி வந்து விழும். சில நாள் இரண்டு. தாய்மார்கள் அதைப் பார்த்துவிட்டு ஓவென்று அழுவார்கள். பிள்ளையைத் தின்ன வந்த எமனைக் கண்ணால் பார்த்த அழுகை அது.

மணி எங்கிருந்து வந்தது? விழுதிலிருந்து வந்தது. விழுதில் போட்டது யார்? அவள்தான். இந்தத் தொழிலை அவளுக்கு விட்டுப்போன சித்தி, மணியைப் போடச் சொன்னபோது ஏமாற்று என்ற வார்த்தையையே சொல்லவில்லை. உள்ளே இருக்கிற மணி வெளியே இருக்கிற சொந்தக்கார மணியைத் தேடி வரும், அதற்குத்தான் என்றாள். கபோனேசாவும் நம்பினாள். ஒன்று போட்டதாக நினைத்திருப்பாள், இலையில் இரண்டு விழும். இரண்டு போட்டோமோ, ஒன்றுதான் போட்டோமோ என்று யோசிப்பாள். அந்த யோசனையை முழுதாக முடிக்காமல் விட்டுவிடுவது அவளுக்கு வசதியாக இருந்தது. நமக்கும் வாழ்க்கையில் அப்படி ஒன்றிரண்டு இல்லாமலா இருக்கிறது?

பெரும்பாலான பிள்ளைகள் பிழைத்துக்கொண்டன. வெறும் சளி தானாக வந்து தானாகப் போகும், போகும்போது பேரை அவள் கைக்குக் கொடுத்துவிட்டுப் போகும். பிழைக்காத பிள்ளைகளும் உண்டு. அந்தத் தாய்களிடம் அவள், "தாமசமாக் கொண்டு வந்துட்டீங்க. மணி ஆழத்துக்குப் போயிருச்சு" என்பாள். யாரும் அவளைத் திட்டியதில்லை. தங்களைத்தான் திட்டிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகட்டுமா என்று கேட்டவர்களிடம், கேழ்வரகு இருக்கிற நெஞ்சோடு ஊசி போட்டால் மணி சிதறி ரத்தத்தில் ஏறி ஆளைக் கொன்றுவிடும் என்றும் சொல்லுவாள். இதுவும் சித்தி சொன்னதுதான்.

புருஷன் பலிண்டா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிற இடத்தில் வேலை பார்த்தான். அவன் செல்லப்பேர் அராலி. நல்ல மனுஷன், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். தன் பெண்டாட்டி கையைப் பற்றிப் பேசாமல் அவனால் ஒரு குவளை வாழைப்பழக் கள் குடிக்க முடியாது. இரண்டு பெண் பிள்ளைகளைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். நடுவில் தங்காமல் போன கருக்களுக்குக் கணக்கில்லை. இனி அவ்வளவுதான் என்று இருந்தபோது, நாற்பதை நெருங்கும் வயதில் ஒரு பையன் பிறந்தான். புசிங்கே என்று பேர் வைத்தார்கள். களியும் புகைபோட்ட மாட்டுக்கறியும் ஆக்கி ஊரைக் கூப்பிட்டார்கள். மடியில் வாங்கிப் பார்த்த நாத்தனார் அப்பூலி என்று செல்லப்பேர் கொடுத்தாள். நாய்க்குட்டியைக் கொஞ்சுகிற மாதிரியான பேர். பேருக்கு ஏற்ற மாதிரி, யாரைப் பார்த்தாலும் நான்கு காலில் ஓடி வருவான்.

கபோனேசா அவனைத் தரையில் விட்டதே அபூர்வம். கதிரடிக்கும் நாட்களில் மட்டும் களத்துப் பக்கமே கொண்டுபோக மாட்டாள். தூசிக்குப் பயந்து, புகை மண்டிய அடுப்படிக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டுப் போவாள். அடுத்தவள் பிள்ளை நெஞ்சில் மணி இல்லையென்று பாதி தெரிந்தவள், தன் பிள்ளை நெஞ்சில் ஏறிவிடுமோ என்று முழுசாகப் பயந்தாள். மனசு இப்படித்தான் ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு வைத்துச் சமைக்கும்.

அந்த வருஷம் அறுவடையோடு குளிரும் பனியும் சேர்ந்து இறங்கின. அப்பூலிக்கு முதலில் மூக்கு ஒழுகிற்று. பிறகு இருமல். பிறகு உடம்பு அடுப்புக்கல் மாதிரிச் சுட்டது. ஒரு காலையில் அவனைத் தூக்கிப் பால் கொடுக்கப் பார்த்தாள். இரண்டு வாய் குடித்துவிட்டு விலகினான். பசி இருந்தது, குடிக்கத்தான் மூச்சில்லை. மூக்கின் இரண்டு பக்கமும் விரிந்து விரிந்து சுருங்கின. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே சதை பள்ளம் விழுந்தது. மூச்சை விடும்போது உம், உம் என்று ஒரு முனகல்.

இந்தப் பள்ளத்தை அவளுக்குத் தெரியும். தன் மடிக்கு வந்த எத்தனையோ நெஞ்சுகளில் பார்த்திருக்கிறாள். பள்ளம் விழாத நெஞ்சுகள் பிழைத்தன, பள்ளம் விழுந்தவற்றில் பாதிக்கு மேல் திரும்பி வரவில்லை.

"என்ன அட்யேரி, பாத்துக்கிட்டே நிக்கிற?" என்றான் பலிண்டா. "ஊருக்கெல்லாம் எடுக்கிற. சொந்தப் புள்ளைக்கு நல்ல நேரம் பாக்கிறியா?"

"சளிதான். பாப்போம்."

"சளியா? எனக்கே தெரியுது கேழ்வரகுன்னு. விழுத அரை, நான் அடுப்பப் பாத்துக்கிறேன்."

அவள் அரைத்தாள். முறத்தில் கிடந்த மணியை எடுத்தாள். போடாமல் விட்டால் மணி வராது. வராவிட்டால் இவன் ஏன் என்று கேட்பான், என்ன பதில் சொல்வது? இத்தனை வருஷப் பேரும், உண்ட சோறும், பிழைக்காத பிள்ளைகளும் எல்லாம் ஒன்றாக எழுந்து வாசலில் நின்றுவிடுமே. மணியைப் போட்டாள். தன் பிள்ளையின் நெஞ்சில் தானே பிளேடால் கீறினாள். அப்பூலிக்கு அழக்கூட மூச்சுப் போதவில்லை. வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. இலையில் மணி விழுந்தது.

"வந்துருச்சு!" என்று கத்தினான் பலிண்டா. இலையை அப்படியே எடுத்துக்கொண்டு பக்கத்து வீடுகளுக்குக் காட்டப் போனான். அவள் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு, தன்னைத்தானே அருவருத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் பள்ளம் இன்னும் ஆழமாக விழுந்தது. "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம், அராலி" என்றாள்.

அவன் கையில் இருந்த குவளையைக் கீழே வைத்தான். "கொழுப்பா உனக்கு? மணி மிச்சம் இருந்து, அவன் ஊசியப் போட்டான்னா? சிதறி ரத்தத்துல ஏறிரும். இத யாரு சொன்னா எனக்கு? நீதான சொன்ன?"

"சொன்னேன்."

"அப்புறம்? கேழ்வரகு எடுக்கிறவ தன் புள்ளையத் தூக்கிக்கிட்டு டாக்டர் வீட்டு வாசல்ல நின்னா ஊரே வாயால சிரிக்காது."

மணியைப் போட்டதே நான்தான் என்று சொல்லியிருக்கலாம். மூன்றே வார்த்தை. தொண்டை வரைக்கும் வந்தது. மானம் என்று ஒன்று தொண்டையில் உட்கார்ந்துகொண்டு, வந்த வார்த்தையை வந்த வழியே திருப்பி அனுப்பிவிட்டது.

அப்போதுதான் அவளுக்கு அந்த நினைப்பு வந்தது. பைத்தியக்கார நினைப்பு, ஆனால் முழுகிறவளுக்கு வைக்கோலும் தெப்பம். என் கை வெறுங்கை, சரி. எல்லார் கையும் வெறுங்கையாகவா இருக்கும்? மலைக்கு அந்தப் பக்கம், ஏரிக்கரையில் கபடாக்கி என்று ஒருத்தி இருக்கிறாள், செல்லப்பேர் அகீக்கி. இருபது வருஷமாகக் கேழ்வரகு எடுக்கிறாள். அவள் கையில் நிஜமாகவே ஏதாவது இருக்கலாம். "அகீக்கிகிட்ட கொண்டு போறேன்" என்றாள். அதற்குப் பலிண்டா தடை சொல்லவில்லை. ஒரு கைக்கு இன்னொரு கை துணை, அதில் மானக்கேடு இல்லை.

பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு தூறலில் மலை ஏறினாள். அவன் முனகல் அவள் முதுகெலும்பில் கேட்டது. வாழைத்தோப்பு, தேயிலைச் சரிவு, மறுபடி வாழைத்தோப்பு. வழியில் ஒரு வார்த்தை அவள் ஆண்டவனிடம் கேட்டுக்கொண்டே போனாள்: கபடாக்கி பொய்க்காரியாக இருக்கக் கூடாது.

கபடாக்கி அகலமான பெண்பிள்ளை, குரலும் அகலம். இவளைப் பார்த்ததும் வாசலிலேயே ஆரம்பித்தாள். "அடேயப்பா, யாரு வந்திருக்கா பாரு! என்ன அட்யேரி, கைராசிய வழியில தொலைச்சுட்டியா? இல்ல, இங்க அடகு வைக்க வந்தியா?"

"திட்டுறதெல்லாம் அப்புறம் திட்டு அகீக்கி. புள்ளையப் பாரு."

பார்த்தாள். பார்த்ததும் அவள் வாய் மூடிக்கொண்டது. விழுது வந்தது, தேய்த்தாள். முந்தின நாள் கீறலுக்குப் பக்கத்திலேயே கீறினாள். கபோனேசா பிள்ளை முகத்தைப் பார்க்கவில்லை. கபடாக்கியின் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நகம் நெஞ்சுக்கு வருவதற்கு முன் கிண்ணத்தின் ஓரத்தில் ஒரு கணம் தடவிற்று. அதே தடவல். இலையில் மணி விழுந்தது.

இரண்டு பேரும் மணியைப் பார்த்தார்கள், பிறகு ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள்.

"கிண்ணத்துலேர்ந்து எடுத்த" என்றாள் கபோனேசா.

"நீ எங்கேர்ந்து எடுப்ப?"

கபடாக்கியின் அகலமான முகம் மெல்லச் சுருங்கிற்று. "நீ ஏன் இங்க வந்த அட்யேரி?"

"என் கை வெறுங்கை. உன் கை நெசமா இருக்கும்னு நெனச்சேன்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றாள் கபடாக்கி. "போன அறுப்புல எம் மகளோட புள்ளைய உங்கிட்ட அனுப்பினேன். எங் கை லட்சணம் எனக்குத் தெரியும். உங் கைய நம்பித்தான் அனுப்பினேன். இடுப்புல செவப்புப் பாசி கட்டின புள்ள. ஞாபகம் இருக்கா?"

இருந்தது. அந்தச் சிவப்புப் பாசி மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கியது இருந்தது. அந்தத் தாயிடம் தான் சொன்னதும் இருந்தது.

"என்ன சொல்லி அனுப்பின அவள?"

"தாமசமாக் கொண்டு வந்துட்டன்னு."

கபடாக்கி கையை ஓங்கினாள். அடிக்கத்தான் ஓங்கினாள். கபோனேசாவும் வாங்கிக்கொள்ளக் கன்னத்தைக் காட்டியபடிதான் இருந்தாள். ஓங்கின கை பிள்ளையின் நெஞ்சைப் பார்த்து நின்றது. பிறகு இறங்கித் துணியை எடுத்தது. பிள்ளையைச் சுற்றி, தூக்கி, தாயின் முதுகில் வைத்து இறுக்கிக் கட்டினாள். ரோட்டில் நின்றிருந்த வாடகை மோட்டார் பைக்குக்காரனை அதட்டிக் கூப்பிட்டாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போ. உன்ன நான் பொறவு சபிச்சுக்கிறேன். அதுக்கு நெறைய நாள் கெடக்கு. இப்பப் போடி!"

ஆஸ்பத்திரியில் யாரும் அவளைக் காக்க வைக்கவில்லை. நர்ஸ் பிள்ளையைப் பார்த்த பார்வையிலேயே ஓடினாள். மூக்கில் சிறு குழாய் மாட்டினார்கள், ஒரு மெஷின் உறுமியது. புறங்கையில் நரம்பு தேடி ஊசி குத்தினார்கள். ஊசி இறங்கியபோது கபோனேசா கண்ணை மூடிக்கொண்டாள். எல்லாம் தெரிந்தும், சித்தி சொன்னது ஒரு மூலையில் நின்று பயமுறுத்திற்று.

டாக்டர் கட்டுராமு எங்கள் பக்கத்து ஆள். முதலில் அவள் செல்லப்பேரைக் கேட்டுக்கொண்டுதான் பேச ஆரம்பித்தார். "அட்யேரி, இந்தக் கீறல் யார் போட்டது?"

"நாந்தான்."

திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டவில்லை. மார்பில் வைத்துக் கேட்கிற கருவியின் காதுப்பக்கத்தை அவளிடம் கொடுத்தார். "கேளுங்க."

கேட்டாள். பிள்ளையின் நெஞ்சுக்குள், ஒவ்வொரு மூச்சின் முடிவிலும், சட்டியில் கேழ்வரகு வறுபடுவது போலப் பொரபொரவென்று ஒரு சத்தம். "உள்ள இருக்குதுங்களே!"

"அது மணி சத்தம் இல்ல, தண்ணி சத்தம்." பிள்ளையைச் சுற்றி வந்த துணியில் ஒரு கேழ்வரகுக் கதிர் ஒட்டியிருந்தது. டாக்டர் அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "இதப் பாருங்க. நுரையீரலும் ஏறக்குறைய இப்படித்தான். மூச்சுக்குழாய் கிளை கிளையாப் பிரிஞ்சு போயி, கடைசில கொத்துக் கொத்தா மணி. இதவிடச் சின்ன மணி, கண்ணுக்கே தெரியாது. ஆனா ஒவ்வொண்ணும் உள்ள வெறும் பை. காத்து அதுல நெறையும், அங்கேர்ந்து ரத்தத்துக்குப் போகும். ஒடம்பு பூரா அந்தக் காத்துலதான் ஓடுது. இப்ப இவனுக்குக் கிருமி எறங்கி, அந்தப் பையெல்லாம் சீழும் தண்ணியுமா நெறஞ்சு போச்சு. காத்துக்கு எடம் இல்ல."

"அதான் வேகமா இழுக்கிறானா?"

"ஆமா. பத்துப் பையில கெடைக்க வேண்டியத ரெண்டு பையில எடுக்கப் பாக்குறான். அதுக்காக விலாவச் சுத்தி இருக்கிற சதையெல்லாம் போட்டு இழுக்குறான். அந்தப் பள்ளம் அதுதான். உதடு பாருங்க, நீலம் பூத்திருக்கு. ரத்தத்துக்குக் காத்து பத்தல. இதயம் பாவம் ஓடு ஓடுன்னு ஓடுது."

"அப்ப மணி இருக்கத்தான் இருக்கு" என்றாள் அவள், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல.

"எல்லாருக்கும் இருக்கு, அட்யேரி. எடுக்கக் கூடாத மணி."

"பொழைப்பானா?"

அவர் கதிரை மேஜையில் வைத்தார். "மருந்து கிருமியக் கொல்லும். அதுக்குக் கொஞ்சம் நேரம் வேணும். அதுவரைக்கும் இவன் தாக்குப் பிடிக்கணும். ரொம்பக் களைச்சுட்டான்." துணியை இழுத்துப் பிள்ளையின் காலை மூடிக்கொண்டே சொன்னார். "தாமசமாக் கொண்டு வந்துட்டீங்க."

எத்தனையோ தாய்களுக்கு அவள் கொடுத்த வார்த்தை திரும்பி வந்து அவள் மேலேயே விழுந்தது. அவள் வாயில் இருந்தவரைக்கும் அது தப்பித்துக்கொள்ள ஒரு பொய். இவர் வாயில் அது உண்மை.

மறுநாள் பலிண்டா தோட்டத்து உடுப்போடு ஓடி வந்தான். புறங்கையில் ஊசியைப் பார்த்தான். "குத்திட்டாங்களா? நீ பாத்துக்கிட்டா இருந்த?" என்று தலையில் அடித்துக்கொண்டான். அவள் வாயைத் திறந்தாள். அந்த நேரத்தில் அப்பூலி மூச்சு மெதுவானது. பலிண்டா அதைக் கண்டு, "இழுப்பு அடங்குது, அட்யேரி, அடங்குது!" என்றான். அது அடங்குவதல்ல என்று நர்ஸின் முகம் சொல்லிற்று. மூச்சு விடுவதே வேலையாகிப்போன பிள்ளை, வேலை செய்து செய்து அலுத்துப்போனான். டாக்டர் ஒரு பையை முகத்தில் வைத்து அமுக்கி அமுக்கி அவனுக்காக மூச்சுவிட்டார். வெகுநேரம் அமுக்கினார். ஜன்னலில் நல்ல வெயில் இருந்தது. வெளியே யாரோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் கையை எடுத்தார்.

வாழைத்தோப்பில் குழி தோண்டிப் புதைத்தார்கள். அன்றைக்கே ஊர் தீர்ப்பும் சொல்லிவிட்டது. ஊசிதான் கொன்றது. இவள் கை எடுத்த பிறகு பிள்ளை தேறித்தான் வந்தான், இலையில் மணியைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். மிச்ச மணிக்குள் ஊசி போட்டுச் சிதறடித்துவிட்டார்கள். பெற்ற பாசத்தில் புத்தி தடுமாறி ஆஸ்பத்திரிக்கு ஓடினாள், பாவம். இப்படியாக, பிள்ளையின் சாவிலும் அவள் கைக்குப் பேர் கூடிற்று. முன்பு ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்த ஒன்றிரண்டு வீட்டுக்காரர்களும் இப்போது இவள் வாசலுக்கு வர ஆரம்பித்தார்கள். இதைவிடப் பெரிய சாபத்தைக் கபடாக்கியால் கொடுத்திருக்க முடியாது.

வந்தவர்களையெல்லாம் துரத்தினாள். துக்கத்தில் பேசுகிறாள் என்று சொல்லிவிட்டு, அவர்கள் பிள்ளையோடு வேறு எங்கோ போனார்கள். அவர்களில் எத்தனை பேர் ஆஸ்பத்திரி வாசலை மிதித்தார்கள் என்று அவளுக்குத் தெரியாது. பலிண்டா அவளைக் குற்றம் சொல்லவில்லை. குற்றம் சொல்லாமல், அவள் ஆக்கிய களியை எடுத்துக்கொண்டு வெளியே போய்த் தின்றான்.

ஒரு காலை கெமிகிசா என்ற இளம்பெண் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் செல்லப்பேர் அத்வோக்கி. மகளுக்கு ஒன்றரை வயது இருக்கும். நெஞ்சில் பள்ளம் இப்போதுதான் விழ ஆரம்பித்திருந்தது. உதடு இன்னும் சிவப்பாகவே இருந்தது. கபோனேசா அந்த உதட்டையே பார்த்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போ, அத்வோக்கி. இப்பவே போ."

"அங்க போனதாலதான உங்க புள்ள போச்சு?"

"இல்லடி. என்னால போச்சு. இந்தக் கை பொய்டி!"

"துக்கத்துல பேசுறீங்க, அட்யேரி."

கபோனேசாவுக்கு வெறி வந்தது. உள்ளே போய் விழுதை அள்ளிக்கொண்டு வந்தாள். வாசலில் கிடந்த அரைக்கிற கல்லில் அப்பித் தேய்த்தாள். "பாரு! நல்லாப் பாரு!" நகத்தால் இழுத்தாள். வழவழப்பான கல்லின் மேல் சிவப்பாக ஒரு மணி. "கல்லுக்கு நெஞ்சு இருக்கா? கல்லு இருமுதா? நான் போட்டத நானே எடுக்கிறேன். புரியுதா இப்ப?"

கெமிகிசா மணியைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள். அவள் கண் அகல விரிந்தது. பிள்ளையோடு அப்படியே மண்டி போட்டாள்.

"கல்லுலேர்ந்தே எடுக்கிற கை" என்றாள். "எம் புள்ள நெஞ்சுலேர்ந்து எடுக்காதா, அட்யேரி?"

கபோனேசாவுக்கு அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. அந்தக் குழந்தையின் பள்ளம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நேரம் போய்க்கொண்டிருந்தது. உண்மையை எடுத்துச் சொல்லித் தோற்றாயிற்று. கையில் மிச்சம் இருந்தது பொய் மட்டும்தான்.

"சரி, எந்திரி" என்றாள். குரலைப் பழைய குரலாக்கினாள். பிள்ளையின் நெஞ்சில் விழுதைத் தடவினாள், கீறவில்லை. தன் துணியின் ஓரத்தைக் கிழித்து நூலாகத் திரித்து, அந்தக் கழுத்தில் முடிச்சுப் போட்டாள். "மணிய நான் கட்டிட்டேன். இனி அது சிதறாது. ஊசி ஒண்ணும் பண்ணாது. ஆனா ஆழத்துல இருக்கு. ஆஸ்பத்திரிக் காத்தும் மருந்தும் உள்ள போனாத்தான் அது கரையும். கட்டு அவுழுறதுக்குள்ள போய்ச் சேரணும். ஓடு."

கெமிகிசா எழுந்தாள். இரண்டு அடி வைத்தவள் திரும்பினாள். கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டாள்.

"அப்பூலிக்கு ஏன் கட்டல, அட்யேரி?"

அந்த ஒரு கேள்விக்குச் சரியான பதில் இல்லாவிட்டால் கட்டின கயிறு வெறும் கயிறு. கபோனேசாவுக்கு அது தெரிந்தது.

"மறந்துட்டேன்" என்றாள்.

கெமிகிசா ஓடினாள். அந்தப் பெண் குழந்தை பிழைத்தது. கயிற்றின் பெருமை மலைக்கு அந்தப் பக்கமும் பரவிற்று. அதன் பிறகு இருமுகிற பிள்ளைகள் கபோனேசாவின் வாசலில் கயிறு கட்டிக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் கட்டுராமு அந்தக் கயிறுகளைப் பார்த்து முகம் சுளித்தார், அறுக்கச் சொல்லவில்லை.

ஆனால் அது எல்லாம் பின்னால். அன்றைக்கு நடந்தது இவ்வளவுதான். கல்லில் கிடந்த மணியை ஒரு கோழி வந்து கொத்திக்கொண்டு போயிற்று. இந்தப் பொய்யை அப்பூலிக்குப் பள்ளம் விழுந்த அன்றைக்கே பலிண்டாவிடம் சொல்லியிருக்கலாமே, கயிறு கட்டிவிட்டேன், வா ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று சொல்லியிருந்தால் மானமும் போயிருக்காது, பிள்ளையும் போயிருக்க மாட்டானே என்று நினைத்து, கபோனேசா நெஞ்சு வெடிக்க அழுதாள். ஆயிரம் பொய் சொன்ன வாய்க்கு, வேண்டிய நாளில் வேண்டிய ஒரு பொய் வரவில்லை.

ஊரில் சேதி பரவ எவ்வளவு நேரம் ஆகும்? சாயங்காலம் பலிண்டா வேலையிலிருந்து வந்தான். உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்.

"கபோனேசா. நீ கட்ட மறந்துட்டியா?"

அட்யேரி என்று சொல்லவில்லை. கல்யாணமான நாள் முதல் அவன் அவளைச் சொந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"ஆமா" என்றாள் அவள்.